பயிற்சி மருத்துவரின் 36 மணி நேரம்

விடிவதற்கு முன்பே திருவனந்தபுரத்தின் தம்பானூருக்கு வந்து சேரும் நாகர்கோவில் பேருந்துகளில் ஒரு தனி ரகப் பயணிகள் இருப்பார்கள். கையில் எக்ஸ்ரே கவர், மஞ்சப்பைக்குள் பழைய சீட்டுகள், துணைக்கு வீட்டு ஆள் ஒருவர். குலசேகரம், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, அடுத்த வண்டி பிடித்து மெடிக்கல் காலேஜுக்குப் போகிறவர்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது எல்லை களியக்காவிளையில் விழுந்தது. ஆனால் பெரிய நோய் என்று வந்தால் திருவனந்தபுரத்துக்கு ஓடும் வழக்கத்தை எந்த எல்லையும் மறிக்கவில்லை. 1951-ல் தொடங்கிய கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி இந்த மெடிக்கல் காலேஜ். அதை ஒட்டியே தாய்க்கும் குழந்தைக்கும் எஸ்.ஏ.டி., புற்றுநோய்க்கு ஆர்.சி.சி., இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். தென்கோடித் தமிழர்களுக்கு அந்த மேட்டு நிலம் சென்னையைவிடப் பக்கம், மதுரையைவிடப் பழக்கம்.

மெடிக்கல் காலேஜில் இவர்களை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு ஹவுஸ் சர்ஜன். தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. என்கிறோமே, எம்.பி.பி.எஸ். பாடங்களை முடித்துவிட்டு ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். அவருக்கு மேலே எம்.டி., எம்.எஸ். படிக்கும் பி.ஜி. மாணவர். யூனிட் சீஃப் காலையில் ரவுண்ட்ஸ் வருவார், பெரிய முடிவுகளை எடுப்பார். ரத்தம் எடுப்பது, கேனுலா போடுவது, கேஸ் ஷீட் எழுதுவது, அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு மகன் ஓடிவந்து கூப்பிட்டால் எழுந்து போவது, எல்லாம் இந்த இருவர் தலையில். நாட்டின் எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதை இரவும் பகலும் ஓட்டுகிறார்கள். அவர்கள் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள் என்பது பேருந்தில் வந்திறங்கியவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். மருத்துவரைப் பயிற்றுவிப்பது ஒரு வேலை, அவரைத் தாங்கிப் பிடிப்பது வேறொரு வேலை என்று நாம் இதுவரை பிரித்து வைத்திருக்கிறோம். முதலாவது பேராசிரியருக்கு, இரண்டாவது மனநல ஆலோசகருக்கு. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைப் படித்தால் இந்தப் பிரிவினையே தவறு என்று தெரிகிறது. டியூட்டி பட்டியல் எப்படிப் போடப்படுகிறது, ஒருவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், பக்கத்தில் சீனியர் இருக்கிறாரா என்ற மூன்றும்தான் பயிற்சியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. மாணவர் உடைவாரா நிற்பாரா என்பதையும் அவையேதான் தீர்மானிக்கின்றன.

முதலில் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துவிடலாம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதற்காக நடந்த இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களும் 5,337 பி.ஜி. மாணவர்களும் பதில் சொன்னார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் எம்.பி.பி.எஸ்.ஸில் 16.2 சதவீதம், பி.ஜி.யில் 31.2 சதவீதம். விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் சொல்லும் கணக்கெடுப்பில் மனம் நொந்தவர்கள் அதிகம் வந்திருக்கலாம் என்பதால், இந்தச் சதவீதங்களைத் தராசில் வைத்த எடையாகக் கொள்ள வேண்டாம். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆணையமே கொடுத்த எண்களில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஐந்து ஆண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1,270 பேர் படிப்பை விட்டுப் போனார்கள். அவர்களில் 153 பேர்தான் எம்.பி.பி.எஸ்., மீதி 1,117 பேர் பி.ஜி. இந்த இரண்டாவது எண்ணில் சற்று நிற்க வேண்டும். நீட் எழுதி, ஐந்தரை ஆண்டு படித்து, மறுபடியும் நீட் எழுதி, லட்சக்கணக்கானவர்களோடு போட்டியிட்டு வாங்கிய இடம் அது. இடையில் விட்டால் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் பாண்டு பணம் கட்ட வேண்டும். அப்படியிருந்தும் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாண்டு முறையையே கைவிடும்படி ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

இதற்கு மூத்த மருத்துவர்கள் பலரிடமிருந்து வரும் முதல் பதில், இந்தத் தலைமுறைக்கு மன உறுதி போதாது என்பது. பெற்றோர் திணிப்பு, கோச்சிங் சென்டர் வளர்ப்பு, செல்போன் என்று காரணங்களும் சொல்வார்கள். சிலருடைய விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆள்தான் காரணமா, வேலை இடம்தான் காரணமா என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. ஒரே ஆளை வேலைக்கு முன்பும் வேலையின்போதும் அளந்து பார்த்தால் போதும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஸ்ரீஜன் சென்னும் அவருடைய குழுவும் அதைத்தான் செய்தார்கள். 2010-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பயிற்சி தொடங்குவதற்கு முன்பு 3.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பயிற்சி ஆண்டுக்குள் நுழைந்த பிறகு, அந்தந்த நேரத்தில் அளந்தபோது, சராசரியாக 25.7 சதவீதம். ஆட்கள் அதே ஆட்கள், வளர்ப்பு அதே வளர்ப்பு. சில மாதங்களில் மாறியது அவர்கள் நிற்கும் இடம் மட்டுமே. வேலை நேரம் கூடக்கூட மனச்சோர்வும் கூடுகிறது என்பதைப் பின்னால் வந்த அதே குழுவின் ஆய்வுகள் இன்னும் பெரிய எண்ணிக்கையில் உறுதிசெய்தன. மன உறுதியைக் குறை சொல்பவர்கள் இந்த ஆய்வுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

நோயாளிக்கு இதில் என்ன வருகிறது? 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். சாலையில் சாவியைப் பறிக்கும் நிலையில் இருப்பவர் கையில் வார்டில் ஊசியைக் கொடுக்கிறோம். 2004-ல் பாஸ்டனின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன் குழு நடத்திய சோதனையில், 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய டியூட்டி முறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள், குறுக்கப்பட்ட முறையைவிட 35.9 சதவீதம் அதிகம். 2008-ல் மூன்று குழந்தைகள் மருத்துவமனைகளில் நடந்த மற்றோர் ஆய்வில், மனச்சோர்வில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் மற்றவர்களைப் போல 6 மடங்குக்கும் மேல் மருந்துத் தவறுகள் செய்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான், 123 பேர். ஆனாலும் அது காட்டும் திசை கவலை தருவது.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 1992 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட ரெசிடென்சி உத்தரவில், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. பிறகு 2023-ல் வந்த பட்டமேற்படிப்பு விதிகளில் அந்த எண் காணாமல் போய், நியாயமான வேலை நேரம் என்ற சொல் வந்தது. எது நியாயம் என்பதை யூனிட் சீஃப் முடிவுசெய்யலாம் என்றாகிவிட்டது. 2024-ல் பணிக்குழு மறுபடியும் ஓர் எண்ணைச் சொன்னது: வாரத்துக்கு 74 மணி நேரம். ஒரு நாள் 24 மணி நேர டியூட்டி, ஐந்து நாள் 10 மணி நேரம், ஒரு நாள் விடுப்பு. அதாவது 32 ஆண்டுகளில் நாம் 48-லிருந்து 74-க்கு வந்திருக்கிறோம், அதுவும் வெறும் பரிந்துரையாக. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2009 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கும் 48 மணி நேரம்தான் சட்ட வரம்பு. கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனைக் கொலை வழக்கை 2024 ஆகஸ்டில் தானாக முன்வந்து விசாரித்தபோது, 36 மணி நேர டியூட்டிகள் நடக்கின்றன என்பதை உச்ச நீதிமன்றமே கவலையோடு குறிப்பிட்டது. காலை எட்டு மணிக்கு உள்ளே போனவர் மறுநாள் இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிறார். நடுவே ஒரு முழு ஓ.பி., ஒரு முழு இரவு, மறுபடியும் ஒரு முழுப் பகல்.

இங்கேதான் பலமான ஆட்சேபம் வருகிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அமெரிக்காவில் 1984-ல் நியூயார்க் மருத்துவமனையில் லிபி சியோன் என்ற 18 வயதுப் பெண் இறந்ததை அடுத்து எழுந்த விவாதத்தால் 1989-ல் அந்த மாநிலத்திலும், 2003-ல் நாடு முழுக்கவும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று கட்டுப்பாடு வந்தது. பிறகு ஒவ்வொரு டியூட்டியின் நீளத்தையும் குறுக்கினார்கள். அதனால் நோயாளிக்கு உண்மையில் நன்மை உண்டா என்று பார்க்க இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 117 அறுவை சிகிச்சைப் பயிற்சி நிலையங்களில் நடந்த ஒன்று 2016-ல் வெளியானது. 63 பொது மருத்துவப் பயிற்சி நிலையங்களில் நடந்த இன்னொன்று 2019-ல் முடிவு சொன்னது. நீண்ட டியூட்டியை அனுமதித்த இடங்களில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை. பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே என்று மூத்தவர்கள் இதைக் காட்டுவது நியாயம்தான். ஆனால் ஒரு விவரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளின் இரண்டு பக்கத்திலும் வாரத்துக்கு 80 மணி நேர உச்சவரம்பு அப்படியே இருந்தது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வும் இருந்தது. வரம்புக்குள் டியூட்டியை இப்படி அடுக்குவதா அப்படி அடுக்குவதா என்பதுதான் அங்கே கேள்வி. வரம்பே இல்லாத ஒரு வார்டைப் பற்றி அந்த முடிவுகள் எதுவும் சொல்லவில்லை. நீண்ட டியூட்டி பார்த்தவர்கள் தம் வாழ்க்கை பாதிக்கப்பட்டதாகச் சொன்னதும் அதே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. அதே லாண்ட்ரிகன், இந்த முறை ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில். டியூட்டியை 16 மணி நேரத்துக்குள் குறுக்கினால் தவறுகள் குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார்கள். தவறுகள் கூடின. 1,000 நோயாளி நாட்களுக்கு 79.0 என்று இருந்த கடுமையான தவறுகள் 97.1 ஆயின. தாம் பதினாறு ஆண்டுக்கு முன்பு நிலைநாட்டியதற்கு எதிரான முடிவை அந்தக் குழு மறைக்காமல் வெளியிட்டது. அதோடு ஏன் என்றும் தோண்டிப் பார்த்தது. டியூட்டியைக் குறுக்கியபோது ஆள் எண்ணிக்கையைப் பல இடங்களில் கூட்டவில்லை. ஆகவே ஒருவர் தலையில் வந்த நோயாளிகள் கூடினார்கள். அந்தச் சுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபடி கணக்கிட்டபோது, குறுகிய டியூட்டிக்கும் தவறுகளுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறு இல்லை. 74 மணி நேரம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டு, அதே எண்ணிக்கை ஆட்களை வைத்துக்கொண்டு, அதே கூட்டத்தை அதே கேஷுவாலிட்டியில் பார்க்கச் சொன்னால், நோயாளிக்குக் கெடுதல்தான் நடக்கும். நேரக் கட்டுப்பாடு வேண்டும், அதோடு ஒருவருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் இல்லை என்ற கட்டுப்பாடும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்வது ஒன்றுமே செய்யாததைவிட மோசமாக முடியலாம்.

நேரத்தைக் குறைத்தால் கைமாற்றம் கூடும், கைமாறும்போதுதான் விவரங்கள் தவறிப்போகும் என்பது அடுத்த ஆட்சேபம். இது அனுபவத்திலிருந்து வருவது, உண்மையும்கூட. ஆனால் கைமாற்றம் ஒரு தொழில்நுட்பம், அதைக் கற்றுக்கொடுக்க முடியும். 2014-ல் அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளில் ஐ-பாஸ் என்ற முறையைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். டியூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஐந்து விஷயம் வரிசையாகச் சொல்லப்பட வேண்டும். ஆள் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறார் என்பது முதலில். பிறகு நோயின் சுருக்கம். பிறகு இந்த டியூட்டியில் செய்து முடிக்க வேண்டியவை. நான்காவதாக, ராத்திரி இப்படி ஆனால் இப்படிச் செய் என்ற முன்யோசனை: பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்குச் சிறுநீர் நின்றால் சலைனைக் கூட்டுமுன் நெஞ்சைக் கேட்டுப் பார், சீனியரைக் கூப்பிடு. ஐந்தாவதாக, கேட்டுக்கொண்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. கைமாற்ற நேரமும் குறிப்பிடும்படியாகக் கூடவில்லை. இதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இரண்டு டியூட்டிக்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச அரை மணி நேரம் வேண்டும், அந்த அரை மணி நேரம் யாரும் கூப்பிடக்கூடாது. நம் மருத்துவக் கல்லூரிகளில் இதைப் பாடமாக நடத்தி, தேர்வாக வைத்தால் என்ன?

குறைந்த நேரம் நின்றால் குறைவாகத்தான் கற்பார்கள் என்பதும் பலர் மனதில் இருக்கும் ஐயம். இதற்குப் பதில், இப்போது நிற்கும் நேரத்தில் எவ்வளவு கற்கிறார்கள் என்று கேட்பதுதான். பால்டிமோர் நகரில் இரண்டு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களைப் பின்தொடர்ந்து நிமிடக் கணக்கு எடுத்து 2013-ல் வெளியிட்டார்கள். நோயாளியோடு நேரடியாகச் செலவான நேரம் 12 சதவீதம், கணினி முன்னால் 40 சதவீதம். நம் வார்டுகளில் கணினிக்குப் பதில் வேறு வேலைகள். ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டி லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது, ஸ்கேன் தேதிக்கு வரிசையில் நிற்பது, வராத அட்டெண்டருக்குப் பதில் டிராலி தள்ளுவது, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கைவலிக்க எழுதுவது. ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் கற்க வேண்டியது நோயாளியின் முகத்தைப் பார்த்து ஆபத்தை உணர்வது, தன் முடிவைச் சீனியர் முன்னால் வைத்துத் திருத்திக்கொள்வது. டிராலி தள்ளிய மணி நேரங்களைப் பயிற்சி என்று கணக்கெழுதிக்கொண்டு, அதைக் குறைத்தால் அனுபவம் குறையும் என்று வாதிட முடியாது. மருத்துவ மாணவருக்கு அரசு தரக்கூடிய மிகச் சிறந்த மனநல உதவி, ஒவ்வொரு வார்டுக்கும் ரத்தம் எடுக்க ஒரு ஊழியர், எழுத்து வேலைக்கு ஒரு கிளார்க், ராத்திரிக்கு ஒரு அட்டெண்டர்.

இது புதிய யோசனையும் இல்லை. தம்பானூரிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை. 1916-ல் அங்கே பொறுப்பேற்றவர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்படாமல், சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கி, பிறகு லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பியவர். 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலின் காசநோய் மருத்துவமனை அவர் காலத்தில் வந்தது. தைக்காட்டில் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று மருத்துவச்சிப் பயிற்சி. ஆஸ்பத்திரிப் பிரசவத்தைச் சந்தேகத்தோடு பார்த்த உள்ளூர் மருத்துவச்சிகளின் பிள்ளைகளையே அதில் சேர்த்துக்கொண்டார். தேர்ந்த மருத்துவர் ஒருவர் தனியாக நின்று எதுவும் செய்ய முடியாது, அவரைச் சுற்றி வேலை தெரிந்த கைகள் வேண்டும் என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்ட நிர்வாகி அவர். பிறகு வந்த நாம் மருத்துவ இடங்களை மட்டும் பெருக்கினோம். 2014-க்கு முன்பு நாட்டில் 51,348 எம்.பி.பி.எஸ். இடங்கள் இருந்தன, பத்தாண்டில் அது 1.18 லட்சத்தைத் தொட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. சாமானிய வீட்டுப் பிள்ளைகள் டாக்டராக வழி திறந்ததால் இந்தப் பெருக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும் தாங்கும் ஊழியரும் அந்த வேகத்தில் பெருகவில்லை. பி.ஜி. மாணவர்களை நம்பியே மருத்துவமனை ஓடுவதால் ஒரு சிறு தடங்கல்கூட எல்லாவற்றையும் குலைத்துவிடுகிறது. 2021-ல் நீட் பி.ஜி. கலந்தாய்வு நீதிமன்ற வழக்கால் தள்ளிப்போனது. ஒரு முழு முதலாண்டு அணி வார்டுக்கு வரவில்லை. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்த்தார்கள். டிசம்பரில் கேரளத்திலும் டெல்லியிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. மாணவர் சேர்க்கை தாமதமானால் மருத்துவமனை நிலைகுலையும் என்றால், அந்த மாணவர்களை நாம் மாணவர்களாக நடத்தவில்லை என்றுதான் பொருள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2023 மே 10-ம் தேதி விடியற்காலை, கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் டாக்டர் வந்தனா தாஸ், காயத்துக்குக் கட்டுப்போடக் காவல்துறை அழைத்துவந்த ஒருவரால் அறுவைக் கத்தரிக்கோலால் குத்தப்பட்டார். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை. தனியார் மருத்துவக் கல்லூரியில் படித்து, பயிற்சியின் பகுதியாக அந்தத் தாலுகா மருத்துவமனைக்கு வந்தவர் அவர். எம்.பி.பி.எஸ். பட்டத்தைக் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம் அவர் இறந்த பிறகு வழங்கியது. இரண்டு வாரத்துக்குள் கேரள அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவின் அதே ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், இரவு டியூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுக்கப் போன பி.ஜி. மாணவி அங்கேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் மூத்த மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். சட்டங்கள் வேண்டும், அவற்றை எதிர்க்கவில்லை. ஆனால் தண்டனைச் சட்டம் சம்பவத்துக்குப் பிறகுதான் வேலை செய்யும். ராத்திரியில் பயிற்சி மருத்துவர் எந்த அறையில் தூங்குகிறார், அதற்குத் தாழ்ப்பாள் உண்டா, போலீஸ் கொண்டுவரும் ஆளை யார் முதலில் பார்ப்பது, அந்த நேரத்தில் அனுபவமுள்ள மருத்துவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்பவை டியூட்டி பட்டியலோடு சேர்த்து முடிவாக வேண்டியவை.

ஆலோசகர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தின் திஷா 1056, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எண்கள் ஒவ்வொரு டியூட்டி ரூம் சுவரிலும் இருக்க வேண்டும், நள்ளிரவில் உடைந்துபோகிறவருக்கு அவை உயிர் காக்கும். ஆனால் உதவி இருந்தும் மாணவர்கள் நாடுவதில்லை என்பதுதான் ஆய்வுகளின் வேதனையான பக்கம். 2016-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். கல்லூரியின் மனநலத் துறைக்கே போய் அமர்ந்தால், நாளைக்கு வைவாவில் எதிரே உட்காரப்போகிறவருக்கு விஷயம் தெரிந்துவிடும் என்ற பயம் நம் மாணவருக்கு உண்டு. அது ஆதாரமில்லாத பயமும் அல்ல. ஆகவே கல்லூரியோடு தொடர்பில்லாத ஆலோசகர் வேண்டும், மதிப்பெண் போடாத ஓர் ஆசிரியரும் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஓர் ஆசிரியர் குடும்பத்தோடு இணைத்துவிடும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. அந்த வீட்டில் சாப்பிடப் போகிற பிள்ளை முகம் வாடியிருந்தால் யாராவது கேட்பார்கள். அதை எல்லா அரசுக் கல்லூரியிலும் அப்படியே செய்ய முடியாது என்பது சரி. ஆனால் ரவுண்ட்ஸில் நோயாளிகள் முன்னால் மாணவரைக் கூசவைக்கும் பழக்கத்தை நிறுத்த எந்தச் செலவும் ஆகாது. கண்டிப்பு வேறு, அவமானம் வேறு. தவறைத் தனியாக அழைத்துச் சுட்டிக்காட்டும் ஆசிரியரிடம் மாணவர் அடுத்த தவறை ஒளிக்க மாட்டார். அவமானப்படுத்துபவரிடம் ஒளிப்பார், அந்த ஒளிப்பில் நோயாளி செத்துப்போகலாம்.

பணம் எங்கே என்ற கடைசிக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆள் நியமனத்துக்குப் பணம் வேண்டும், அது கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சுலபமில்லை. ஆனால் எங்கே முதலில் செலவழிப்பது என்று தெரிந்துகொள்ள அதிகப் பணம் வேண்டாம். பிரிட்டனில் பொது மருத்துவ கவுன்சில் ஆண்டுதோறும் எல்லாப் பயிற்சி மருத்துவர்களிடமும் கணக்கெடுப்பு நடத்துகிறது. வேலை நேரம், சுமை, சீனியரின் உதவி, கைமாற்றம், அவமதிப்பு எல்லாவற்றையும் கேட்டு, மருத்துவமனை வாரியாக முடிவுகளை யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. மோசமான துறையிலிருந்து பயிற்சி மருத்துவர்களைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அதற்கு உண்டு. தவிர, பட்டியலைத் தாண்டி வேலை வாங்கப்பட்டால் மருத்துவர் உடனே பதிவு செய்யவும், அதைக் கவனிக்க ஒரு தனிப் பொறுப்பாளர் இருக்கவும் இங்கிலாந்தில் 2016 முதல் ஏற்பாடு இருக்கிறது. கேரள சுகாதாரப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் தங்கள் மாணவர்கள் எல்லோரையும் ஆண்டுதோறும் தேர்வுக்குப் பதிவு செய்ய வைக்கின்றன. அந்தப் பதிவோடு, பெயர் வெளியே தெரியாதபடி பத்துக் கேள்விகளைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. போன வாரம் எத்தனை மணி நேரம் நின்றீர்கள், ராத்திரியில் எத்தனை நோயாளிகள் உங்கள் பொறுப்பில், கூப்பிட்டால் சீனியர் வந்தாரா, தூங்க இடம் இருந்ததா. பதில்களைக் கல்லூரி வாரியாக, துறை வாரியாக வெளியிட வேண்டும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் முதலில் முன்வந்தால் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள குமரி மருத்துவக் கல்லூரியும் திருநெல்வேலியும் பின்தங்கி நிற்க முடியாது. அடுத்த முறை ஒரு துறை பி.ஜி. இடங்களைக் கூட்டித் தரும்படி தேசிய மருத்துவ ஆணையத்துக்கு விண்ணப்பித்தால், கட்டடத்தின் சதுர அடியையும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்பு ஆணையம் இந்தப் பதில்களைப் படிக்கட்டும். 74 மணி நேரத்தைத் தாண்டி வேலை வாங்கும் துறைக்குப் புதிய இடம் கிடையாது என்று எழுதி அனுப்பட்டும்.